ஜன்னல் கட்டையில் பல்வரிசை

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்தக் காலத்திலேயே காரா என்கிறார்கள். நானும் அவர்கள் எண்ணத்தைக் கலைப்பதில்லை. கார் இருந்தது உண்மை. வேறு எதுவும் பெரிதாக இல்லை என்பதும் உண்மை. கொடைக்கானலில், நாயுடுபுரத்துச் சரிவில், தகரக்கூரை போட்ட இரண்டு அறை வீடு. அதற்குக் கீழே சாலையோரமாக ஒரு கொட்டகை. மழைக்கு வீடு ஒழுகும், கொட்டகை ஒழுகாது. கூரைத் தகரம் புதிதாக வாங்கினால் அது முதலில் எங்கே போகும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

அப்பா டாக்சி ஓட்டினார். ஊரைவிட்டுப் போன ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார், இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. கறுப்பு நிறம், தவளைக் கண் போல இரண்டு விளக்கு, ஏறுவதற்குக் கால் வைக்க நீளமாக ஒரு பலகை. நாங்கள் அதைப் பிளஷர் என்போம். ஸ்டாண்டில் நின்ற மற்ற டிரைவர்கள் அதைக் கிழவி என்பார்கள். அப்படிச் சொன்னவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு அப்போது ஏழு வயது. யாரோடு பேசுவது, யாரோடு பேசக்கூடாது என்பதில் மிகவும் கறாராக இருந்தேன்.

காரின் உள்ளே, ஒவ்வொரு கதவிலும் கண்ணாடி இறங்குகிற இடத்தில், முழங்கையை ஊன்றிக்கொள்ளத் தோதாக ஒரு மரக்கட்டை பதித்திருக்கும். கதவுக்கு ஒன்றாக நான்கு. ஏதோ சீமை மரம். தண்ணீர் பட்ட வெல்லத்தின் நிறம். அதில் புகை சுருள்வதுபோல ரேகை ஓடும். ஜன்னல் கட்டை என்று சொல்வோம். புதிதில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளத்ததாம். நான் பார்த்தபோது பாலிஷ் பொருக்குப் பொருக்காக உரிந்து, அங்கங்கே சிராய் கிளம்பியிருந்தது.

பின் சீட்டின் இடது ஓரம் என் இடம். வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கும்போது எனக்கு வயிற்றைப் புரட்டும். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுக்கிற, சீசனுக்கு மலைக்கு வருகிறவர்களின் குழந்தைகளைப் பற்றி அப்பா கதைகதையாகச் சொல்லியிருக்கிறார். டாக்சிக்காரர் மகளே வாந்தி எடுத்தால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஜன்னல் கட்டையில் வாயை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வேன். சமவெளி வந்த பிறகுதான் வாயை எடுப்பேன்.

அந்தக் கட்டையில் ஒரு பல்வரிசை பதிந்திருந்தது. வரிசையாக ஐந்தாறு பள்ளம், நடுவில் ஒன்று மட்டும் அரைகுறையாக. அது என் பல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயை வைத்துப் பார்த்தால் அந்த வரிசையில் பாதிக்குத்தான் என் வாய் எட்டியது. மிச்சப் பாதியை வேறொரு பயணத்தில் கடித்திருப்பேன் என்று முடிவு கட்டி அந்த விவகாரத்தைத் தீர்த்துவிட்டேன். சீமை மரத்தையே கடித்துப் பள்ளம் போட்டவள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயரும் இருந்தது. அதை நான்தான் பரப்பியிருந்தேன்.

அம்மா பழநிக்காரி. காரைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏறி உட்கார்ந்தால் மட்டும் தேரில் உட்கார்ந்த மாதிரி உட்காருவாள். சிரிக்கும்போது சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோவாள். முன்பல் ஒன்றின் முனை உடைந்திருக்கும். ரேஷன் அரிசியில் கிடந்த கல்லைக் கடித்துவிட்டதாகச் சொல்வாள். அதற்காக ரேஷன் கடைக்காரரோடும் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா அம்மாவைத் தவிர வீட்டில் இரண்டு வயது முடிந்த தம்பி ஒருவன் இருந்தான். நான் கொடைக்கானலில் பிறந்தவள், அவன் மதுரையில் பிறந்தவன். அதற்கேற்ற திமிரும் அவனுக்கு இருந்தது. அவன் பிறந்தபோது என்னை அட்டுவம்பட்டியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் போர்வைக்குள் அவன் படுத்திருந்தான்.

அந்த வருஷம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தரின் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பழநி பஜாரில் கடை உள்ள வீட்டுப் பையன். பள்ளிவாசலுக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போக ஒரு கார் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கார் மாப்பிள்ளையை ஏற்றிவிட்டால் அதற்குக் கல்யாணக் கார் என்று பெயர் வந்துவிடும். அதற்குப் பிறகு யாரும் கிழவி என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஸ்டாண்டில் அப்போது ஒரு புதுக் காரும் வந்து நின்றது. உடம்பெல்லாம் நிக்கல் பட்டை, கண் கூசும். ஆனாலும் ராவுத்தர் எங்கள் கொட்டகைக்குத்தான் வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கும்போது அவருடைய வெள்ளை ஜிப்பாவின் கை ஜன்னல் கட்டைச் சிராயில் மாட்டிக்கொண்டது.

"டிரைவரே, வண்டி நல்ல வண்டிதான்," என்றார், நூலை மெதுவாக விடுவித்துக்கொண்டே. "மாப்பிள்ளை பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு உக்காருவாப்ல. இந்தக் கட்டையில கை வச்சா கிழிஞ்சு போயிருமேப்பா."

"சரி பண்ணிர்றேங்க."

"சனிக்கெழம சாயந்தரம் வந்து பாப்பேன். ஆகலேன்னா ஒண்ணுமில்ல, அந்தப் புது வண்டிக்காரன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். ஆனா மனசு இந்த வண்டியிலதான் கெடக்கு."

அவர் போன பிறகு அப்பா அந்தக் கட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. ஸ்டாண்டில் எவ்வளவோ கிண்டலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர். இந்த ஒரு கல்யாணத்துக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. புதுக் காரின் டிரைவரோடும் பேச்சை நிறுத்தினேன். அவருக்கு அது தெரியாது.

அம்மா பழநிக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். மறுநாளே மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. பழநியில் காவடி செய்கிற பட்டறை வைத்திருந்தார். வளைந்த மரத்துக்குப் பாலிஷ் போடுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. அப்போது மதுவிலக்குக் காலம். அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பாலிஷ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவரை, வாசனை பிடித்த போலீஸ்காரர் வத்தலக்குண்டில் இறக்கிவிட்டார். மாமா தன் வேட்டி நுனியில் கொஞ்சம் பாலிஷ் தேய்த்துக் காட்டித் தப்பித்தார். அந்தக் கறையை வாரம் முழுக்க எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

"காவடியைத் தூக்குறவன் தோள்ல ஒரு சிராய் ஏறுச்சுன்னா முருகனுக்கே நான் பதில் சொல்லணும். இது என்ன, கார்க் கட்டை! பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிர்றேன் மச்சான்," என்றார்.

கட்டையைக் கழற்றுவதே ஒரு பொழுதை எடுத்தது. கண்ணாடியை இறக்குகிற கைப்பிடியைக் கழற்ற வேண்டும், பிறகு கட்டையைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகாணிகள். அவற்றையெல்லாம் காலிப் பஞ்சாமிர்த டப்பாவில் போட்டு, டப்பாவை என் மடியில் வைத்தார். திருகாணி எல்லாம் வந்த பிறகும் கட்டை வரவில்லை. இத்தனை வருஷத்துப் பாலிஷும் அழுக்கும் சேர்ந்து கதவோடு ஒட்டிப் போயிருந்தது. நெம்பினால் மரம் பிளந்துவிடும். மாமா அம்மாவின் தோசைக் கரண்டியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் துணியைச் சுற்றி, இடுக்கில் விட்டு நூல் நூலாக அசைத்தார். நான்காவது கட்டையும் முழுசாகக் கையில் வந்தபோது அப்பா பெருமூச்சு விட்டார். அம்மா தோசைக் கரண்டியைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு வேறு மாதிரிப் பெருமூச்சு விட்டாள்.

பழைய பாலிஷை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மாமா என் கட்டைக்கு வந்தார்.

"என்ன மச்சான் இது, பெருச்சாளி கடிச்சாப்ல?"

"நான்தான் கடிச்சேன்!" என்று முன்னால் போய் நின்றேன்.

"அடி கழுத! பசிச்சா சோறு திங்கமாட்டியா? சரி, நாலு இழுப்பு இழுத்தா போயிரும்," என்று உப்புத்தாளை எடுத்தார்.

"அது கெடக்கட்டும் மாப்ள," என்றார் அப்பா.

"பளபளன்னு பண்ணிட்டு நடுவுல இது இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அதுல உப்புத்தாள் படக்கூடாது. மத்ததையெல்லாம் எப்படி வேணாலும் பண்ணு."

அப்பா அப்படிக் கறாராகப் பேசுகிறவர் இல்லை. செல்லம் கொடுக்கிறவரும் இல்லை. நான் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்தால்கூட, சரி என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்று அடிக்கப் போகிறவர். அவர் என் பல்லுக்காக மாமாவோடு மல்லுக்கு நிற்கிறார்! எனக்குத் தலை கால் புரியவில்லை. தம்பியைத் தேடிப் போய் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை என்றாலும் சொன்னேன்.

முன்கதவுக் கட்டைகள் இரண்டும் நீளம், பின்கதவுக் கட்டைகள் இரண்டும் குட்டை. அதனால் முன் எது, பின் எது என்பதில் குழப்பமில்லை. ஆனால் இடது எது, வலது எது என்பது பார்த்தால் தெரியாது. கையால் செய்து பொருத்தியவை. ஒவ்வொன்றின் துளையும் அதனதன் கதவுக்கு மட்டும்தான் நேராக வரும். கழற்றும்போதே ஒரு அடையாளம் போட வேண்டும். காவடி மரத்தில் கரியோ பென்சிலோ படக்கூடாது என்பது மாமா பட்டறையின் வழக்கம். அங்கே ஒரு காவடியின் துண்டுகள் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்கத் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டு வைப்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும், வலது கட்டைகளின் அடிப்பக்கம் ஒரு பட்டை, இடது கட்டைகளின் அடிப்பக்கம் இரண்டு பட்டை போட்டிருந்தார். வேலை எப்படிப் போகிறது என்று எட்டிப் பார்க்க வந்த ராவுத்தர் ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னப்பா, கட்டைக்கெல்லாம் பட்டை போட்டாச்சா? எங்க மாப்பிள்ளைக்குப் போட்டு விட்ராதீங்க!"

மாமா பதறிப்போய் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். "சும்மா சொன்னேன்பா, முருகனும் கூட வந்தா வளைவுல நல்லதுதான்," என்று ராவுத்தர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். மாமா பாலிஷ் போட்டுக் கட்டைகளை வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் வரிசையாக வைத்துவிட்டு, அப்பாவோடு கடைவீதிக்குப் போனார். பழநியில் அப்படி வைத்தால் சாயந்தரம் வரை வைத்தது வைத்தபடி இருக்கும். எங்கள் ஊர் வெயிலை அவர் நம்பியதுதான் தப்பு. அவர்கள் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து பாறையை மூடியது. அம்மாவும் நானும் ஓடினோம். கட்டைகள் நனைந்து, பாலிஷ் பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. உள்ளே தூக்கி வந்து, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, மேலும் கீழும் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து அதன்மேல் அடுக்கினோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம்.

மாமா வந்தார். வெளுத்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. சூட்டோடு இன்னொரு பூச்சு கொடுத்தால் தெளிந்துவிடும் என்றார். பிறகு ஒரு கட்டையைத் திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார்.

"அக்கா, பட்டை எங்க?"

"என்ன பட்டை?"

"அடியில போட்டிருந்தேனே, திருநீறு!"

"அது அடையாளமாக்கும்? நீ பூசை போட்டு வச்சிருக்கேன்னுல்ல நெனச்சேன்," என்றாள் அம்மா. "ஏலே, அடையாளத்தத் திருநீத்துலயா போடுவாக?"

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள், சனிக்கிழமை, கொட்டகையில் வைத்துப் பார்த்தார்கள். மேகத்தைக் குடித்த மரம் லேசாக ஊதியிருந்தது. எந்தக் கட்டையை எந்தக் கதவில் வைத்தாலும் துளைகள் ஒரு நெல் அளவு தள்ளித்தான் நின்றன. கட்டை மாறியதால் தள்ளியதா, ஊதியதால் தள்ளியதா என்று சொல்ல முடியவில்லை. காய்ந்து சுருங்கட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. சாயந்தரம் ராவுத்தர் வந்துவிடுவார். மாமா பொறுக்காமல் ஒரு முன்கட்டையை வைத்து அழுத்தித் திருகாணியை முடுக்கினார். மெல்லியதாக ஒரு சத்தம். கட்டையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது.

"விட்ரு மாப்ள," என்றார் அப்பா. "இன்னொருவாட்டி அமுக்குனா ரெண்டாப் போயிரும். இந்த மரத்துக்கு நாம எங்க போறது? நான் ராவுத்தர்ட்டப் போயி அந்த வண்டியவே வச்சுக்கச் சொல்லிட்டு வந்துர்றேன்."

சொல்லிவிட்டுச் சட்டையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். மாமா கையைப் பிசைந்தார். நான் பஞ்சாமிர்த டப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மேலேயிருந்து இறங்கி வந்தாள். முன்கட்டைகள் இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாள்.

"இது வலது. இதுல உங்க முழங்கைக் குழி இருக்கு."

அப்பா பாதிச் சட்டையோடு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார, அந்தக் கட்டையைக் கதவில் வைத்தார்கள். வருஷக்கணக்காக ஊன்றிய முழங்கை பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. உப்புத்தாளுக்கும் போகாத ஒரு சிறு பள்ளம். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கீறல் விழுந்த கட்டை அதற்கு ஜோடி. அப்படியானால் அது இடது. அதை மாமா தப்பான கதவில்தான் அழுத்தியிருக்கிறார். மாமா எழுந்து நின்றார்.

"பின்னாடி ரெண்டும்?"

"பல்லு இருக்கிறது எடது பக்கம்," என்று அம்மா சொன்னாள். கட்டையை அவள் பார்க்கக்கூட இல்லை. சொல்லிக்கொண்டே மேலே ஏற ஆரம்பித்துவிட்டாள்.

துளைகளைப் பார்த்துப் பதறியதில் அதுவரை யாருக்கும் பல் நினைவுக்கு வரவில்லை. நானும் அப்போதுதான் அதைச் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். என் பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இப்படி ஓர் அம்மா யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வேலை வெரசா நடந்தது. அதனதன் கதவு தெரிந்துவிட்டதால் மாமா துணிந்து ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்கினார். திருகாணியைத் துணி துவைக்கிற சோப்பில் குத்தி எடுத்து முடுக்கினால் இறுக்கமான துளைக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போயிற்று. கீறலுக்குள் அரக்கை உருக்கி ஊற்றித் தடவினார். கடைசிப் பூச்சும் கொடுத்து, துணிப் பந்தால் தேய்க்கத் தேய்க்க, உள்ளே புகை சுருள்கிற ரேகையெல்லாம் மேலே எழும்பி வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது.

ராவுத்தர் வரும்போது அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் கொட்டகை முன்னால் கூடியிருந்தார்கள். ஸ்டாண்டிலிருந்து இரண்டு டிரைவர்களும் ஒன்றும் தெரியாதவர்கள் போல வந்து நின்றார்கள். ராவுத்தர் ஏறி உட்கார்ந்து, ஜிப்பாக் கையைக் கட்டையின் மேல் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட மாட்டவில்லை. "கண்ணாடியாட்டம்ல இருக்கு," என்றார். பிறகு அவர் விரல் பள்ளத்தில் தட்டியது.

"இது என்னதுப்பா?"

"அது எங்க வீட்டுப் பல்லுங்க," என்றார் அப்பா.

அந்த வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் என் நெஞ்சு விம்மிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால்கூட அப்படி ஒரு பெருமை வந்திருக்காது. ராவுத்தர் என் பக்கம் திரும்பினார்.

"ஓ, பாப்பாவோட சோலியா இது? எங்க, பல்லக் காட்டு பாப்போம்!"

ஊரே பார்க்க நான் வாயை அகலத் திறந்து காட்டினேன். மேல்பல் இரண்டும் விழுந்து, அந்த இடம் வெறும் பொக்கையாகக் கிடந்தது. கொல்லென்று எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரித்தார், டிரைவர்கள் சிரித்தார்கள், ராவுத்தருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அம்மா படியில் நின்றுகொண்டு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் என்னைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து நான் இன்னும் பெரிதாகத் திறந்து காட்டினேன்.

மறுநாள் வெள்ளனே மல்லிகைச் சரம் சுற்றி எங்கள் பிளஷர் புறப்பட்டது. பட்டுச் சட்டை போட்ட மாப்பிள்ளை பின் சீட்டின் இடது ஓரத்தில், என் இடத்தில், என் பல்லின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தர் வாசனை வாரக்கணக்கில் காருக்குள் இருந்தது. புதுக் கார் சாலையோரம் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டது. அதற்குப் பிறகு கிழவி என்ற பேச்சே இல்லை. நானும் டிரைவர்களை ஒவ்வொருவராக மன்னித்துப் பேச ஆரம்பித்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, மதுரை ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் பிறந்தாள். நான் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது என்று நர்ஸுகள் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. அம்மா குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கத்துறதுக்கும் ஒரு குடுப்பின வேணும்டி," என்றாள். "உன் தம்பிக்கு நான் எங்கிட்டுக் கத்துறது? பிள்ள குறுக்க கெடக்கு, மதுரைக்குக் கொண்டு போங்கன்னுட்டாக. பகல்லயே லைட்டப் போட்டுக்கிட்டு எறங்குறோம். மேகத்துல ரோடே தெரியல. உங்கப்பா ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டிக்கிட்டு ஓட்டுறாரு. நான் ஒரு சத்தம் போட்டா அவருக்குக் கை ஆடிப்போகும்ல? அந்தப் பக்கம் முழுக்கப் பள்ளம். கட்டையக் கடிச்சுக்கிட்டே வந்துட்டேன்."

"எந்தக் கட்டை?" என்று கேட்டேன்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் எட்டி அவள் கையைப் பிடித்து இறக்கினேன். முனை உடைந்த அந்தப் பல்லை இத்தனை வயதுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். ரேஷன் அரிசியாவது, கல்லாவது.

"அப்பாக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. மறுநா வண்டியத் தொடைக்கிறப்ப பாத்திருப்பாரு," என்றாள். "பிள்ள அழுவுது பாரு, தூக்கு."

என் அம்மாவை நினைத்து நான் பட்ட பெருமையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால், அன்றைக்குப் பட்டது ஒரு பக்கம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது கொட்டகை முன்னால் நின்ற அந்தச் சனிக்கிழமைதான். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல், எங்கள் தலைக்கு மேலாக, படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான், இவர் எங்கே பார்க்கிறார் என்று எனக்கு அப்போது கோபமாக வந்தது.